மதுரையும் விருந்தறிஞரும்

வைகையாற்றின் வடகரையில் செல்லூர் என்று ஓர் ஊர் உண்டு. இன்று அது மதுரை மாநகரின் ஒரு பகுதி. அங்கே திருவாப்புடையார் கோயில் இருக்கின்றது. தேவாரம் அத்தலத்தைத் திருவாப்பனூர் என்று வழங்கும். திருஞானசம்பந்தர் பாடிய தலம் அது. நான் சிறுவனாயிருந்த காலத்தில், அக்கோயிலின் மணியோசையும் எங்கள் தெருத் தறிகளின் ஓசையும் ஒன்றோடொன்று கலந்து கேட்கும். நான் பிறந்தது நெசவாளர் குடியில். என் தந்தையார் குழித்தறியில் கால் மிதித்துக் குடும்பத்தைக் காத்தவர்.

பள்ளி விட்ட பிறகு ஆற்றைக் கடந்து யானைக்கல் வழியாக நடந்தால், சிறிது தொலைவில் மதுரைத் தமிழ்ச்சங்கம். அங்கே பழைய ஏடுகளையும் ‘செந்தமிழ்’ இதழின் கட்டடம் செய்த தொகுதிகளையும் கண்டு வியந்து நிற்பேன். இக்கரையில் தறி, அக்கரையில் தமிழ். இவ்விரண்டுக்கும் இடையே ஓடுவது ஓர் ஆறுதானா, அன்றி வேறொன்றும் உண்டா என்ற கேள்வி அந்நாளிலேயே என் உள்ளத்தில் எழுந்தது. இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் அக்கேள்வியிலிருந்து பிறந்ததே.

அறிஞர் ஒருவரையோ கலைஞர் ஒருவரையோ ஒரு நிறுவனம் தன்னிடம் வரவழைக்கின்றது. உறைவதற்கு இடமும், உண்பதற்கு வேண்டிய பொருளும், படிப்பதற்கு நூல்களும் தருகின்றது. ‘சில மாதங்களோ சில ஆண்டுகளோ கவலையின்றி இங்கிருந்து உமது ஆராய்ச்சியைச் செய்க, உமது காவியத்தை எழுதுக, உமது ஓவியத்தைத் தீட்டுக’ என்று கூறுகின்றது. இதனையே இக்காலத்தில் ‘பெலோஷிப்’ என்றும், ஆய்வு நல்கை என்றும் வழங்குகின்றார்கள். அவ்வாறு வருபவரை விருந்தறிஞர் என்று நாம் சொல்லலாம். இவ்வழக்கம் மேலைநாட்டிலிருந்து நேற்று வந்தது என்று மாணவர் பலர் எண்ணுகின்றனர். பெயர் புதிது, செயல் பழையது. எத்துணைப் பழையது என்பதை மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளே கூறும்.

மதுரையிலிருந்து வடகிழக்கே சென்றால் மாங்குளம் என்னும் ஊரை அடுத்து ஒரு குன்று இருக்கின்றது. அதன் இயற்கைக் குகைகளில், மனிதர் படுப்பதற்கென்று கல்லிலேயே படுக்கைகள் வெட்டப்பட்டுள்ளன. மழைநீர் உள்ளே வழியாதபடி மேற்பாறையில் விளிம்பும் செதுக்கப்பட்டிருக்கின்றது. அங்குள்ள தமிழ்பிராமிக் கல்வெட்டுகள் கிறித்துவுக்கு முன் இரண்டாம் நூற்றாண்டைச் சார்ந்தவை என்று ஆராய்ச்சியாளர் கணிக்கின்றனர். நெடுஞ்செழியன் என்னும் பாண்டியன் பெயர் அவற்றில் வருகின்றது. கணி நந்தன் என்னும் சமணத் துறவிக்காக அவ்விருப்பிடம் அமைக்கப்பட்டது என்று அவை அறிவிக்கின்றன. வெள்ளறை என்னும் ஊரின் வணிகக் குழுவாரும் அக்கொடையில் பங்கு கொண்டனர்.

சமணத் துறவியர் ஓரிடத்தில் நிலையாகத் தங்குவதில்லை. ஊர் ஊராக நடப்பது அவர் நெறி. மழைக்காலத்தில் மட்டுமே ஓரிடத்தில் தங்குவர். அவ்வாறு தங்கும் காலத்தில் ஓதுதலும் ஓதுவித்தலும் நிகழும். அழகர்மலைக் குகையில் கொடையளித்தவர்களின் பெயர்களைப் படித்துப் பாருங்கள். பொன்கொல்லன் ஒருவன்; உப்பு வணிகன் ஒருவன்; பாகு விற்பவன் ஒருவன்; கலப்பையின் கொழு விற்பவன் ஒருவன். வேந்தன் மட்டும் வழங்கிய விருந்து அன்று அது. கடைத்தெருவில் உழைத்தவன் தன் வருவாயில் ஒரு பகுதியைத் தந்து, கற்றவனுக்குக் கல்லில் ஒரு படுக்கை அமைத்தான். சில மாதங்கள் தங்கிச் சிந்திப்பதற்கு ஓரிடம் என்பதுதானே ஆய்வு நல்கையின் உயிர்? அந்த உயிர் நம் மண்ணில் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மூச்சு விட்டது.

இனிச் சங்கத்தின் கதைக்கு வருவோம். இறையனார் களவியல் உரை மூன்று சங்கங்களைப் பற்றிக் கூறுகின்றது. முதற் சங்கம் 4440 ஆண்டு, இடைச்சங்கம் 3700 ஆண்டு, கடைச்சங்கம் 1850 ஆண்டு நிலைபெற்றன என்பது அவ்வுரை. இந்த எண்களை வரலாற்று அறிஞர் அப்படியே ஏற்பதில்லை. ஆயினும், மதுரையில் புலவர் கூட்டம் ஒன்றைப் பாண்டியர் புரந்தனர் என்ற நினைவு வலிமையானது. பத்தாம் நூற்றாண்டின் பெரிய சின்னமனூர்ச் செப்பேடு, முன்னோரான பாண்டியர் மதுரையில் சங்கம் வைத்ததையும், மகாபாரதத்தைத் தமிழில் ஆக்குவித்ததையும் பெருமையாகக் குறிக்கின்றது.

எண்களை விட்டுப் பெயர்களை நோக்குவோம். சங்கப் புலவரின் பெயர்களே ஒரு நிலப்படம். உறையூர் ஏணிச்சேரி முடமோசியார், ஒக்கூர் மாசாத்தியார், கச்சிப்பேட்டு நன்னாகையார் என்று ஊர்ப்பெயர்கள் முன் நிற்கின்றன. பல ஊர்ப் பாடல்களும் ஒரே தொகையில் வந்து கூடியிருக்கின்றன. மதுரைப் புலவரின் பெயர்களுக்கு முன் தொழிற்பெயர்களும் நிற்கின்றன. கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார் தானியம் விற்ற குடியினர். அறுவை வாணிகன் இளவேட்டனார் துணி விற்றவர். அறுவை என்றால் ஆடை. ஆடை விற்றவர் பாடிய பாட்டு, அரசர் பாடிய பாட்டோடு ஒரே தொகையில் வீற்றிருக்கின்றது. இதைப் படிக்குந்தோறும் செல்லூர்த் தறிக்காரன் மகனாகிய எனக்கு நெஞ்சு நிமிரும்.

புலவரைப் போற்றிய முறைக்கும் புறநானூறு சான்று தருகின்றது. மோசிகீரனார் என்னும் புலவர் அறியாது முரசுகட்டிலில் படுத்துறங்கிவிட்டார். அது தண்டத்திற்குரிய குற்றம். சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை வாளை ஓங்கவில்லை. விசிறியை எடுத்து வீசினான். இஃது ஒரு பக்கம். மறுபக்கத்தையும் மாணவர் அறிதல் வேண்டும். அதியமான் நெடுமானஞ்சி, பெருஞ்சித்திரனாரை நேரில் காணாமலே பரிசிலை அனுப்பி வைத்தான். புலவர் அதனை ஏற்க மறுத்தார். தம் புலமையை அறிந்து தருவது சிறிய அளவினதாயினும் இனிது. முகம் காணாது தருவதைப் பெறுவதற்குத் தாம் வணிகர் அல்லர் என்பது அவர் கருத்து. வயிற்றில் பசி இருந்தும் அவர் கை நீளவில்லை. கொடுப்பவன் பொருளை மட்டும் கொடுத்தால் போதாது. பெறுபவனை அறிந்து கொடுத்தல் வேண்டும். பெறுபவனும் தன்னை விற்றுப் பெறுதல் கூடாது. விருந்தறிஞர் என்ற உறவின் அறம் முழுவதும் இவ்விரு நிகழ்ச்சிகளில் அடங்கியிருக்கின்றது.

பல நூற்றாண்டுகளைக் கடந்து 1901ஆம் ஆண்டிற்கு வருவோம். பாலவனத்தம் ஜமீன்தாராகிய பாண்டித்துரைத் தேவர் மதுரையில் சொற்பொழிவாற்ற வந்திருந்தார். திருக்குறளும் கம்பராமாயணமும் பார்க்க வேண்டியிருந்தது. ஊரில் தேடியும் எளிதில் கிடைக்கவில்லை என்று கூறுவர். சங்கம் வளர்த்த மதுரைக்கா இந்நிலை என்று அவர் உள்ளம் வெதும்பினார். அவ்வாண்டிலேயே நான்காம் தமிழ்ச்சங்கம் தோன்றியது. சேதுபதி மன்னராகிய பாஸ்கர சேதுபதியின் துணையும் அதற்கு இருந்தது.

அச்சங்கத்தின் அமைப்பைக் கூர்ந்து நோக்குங்கள். நூல்களைத் திரட்டப் பாண்டியன் புத்தகசாலை, கற்பிக்கச் செந்தமிழ்க் கலாசாலை, பதிப்பிக்க அச்சுக்கூடம், ஆராய்ச்சியை வெளியிடச் ‘செந்தமிழ்’ என்னும் இதழ், தகுதியை அளக்கப் பண்டிதத் தேர்வுகள். இன்றைய ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றுக்கு வேண்டிய உறுப்புகளில் எது இங்கே இல்லை? இரா. இராகவையங்கார் செந்தமிழின் முதல் ஆசிரியராய் அமர்ந்தார். மு. இராகவையங்கார் உதவியாசிரியராகவும் பின் ஆசிரியராகவும் பணியாற்றினார். வேளிர் வரலாறு முதலிய ஆராய்ச்சிகளைச் செய்த அப்பெருமகனார், பின்னர்ச் சென்னையில் தமிழ்ப் பேரகராதிப் பணிக்குச் சென்றார். மதுரை அவருக்குப் பயிற்சிக் களமாய் அமைந்தது.

சென்னையில் ஆசிரியராயிருந்த ஆ. சிங்காரவேலு முதலியாரின் வரலாறு இன்னும் உருக்கமானது. தமிழில் ஒரு கலைக்களஞ்சியம் ஆக்க வேண்டும் என்று அவர் தனியொருவராய்ப் பல்லாண்டு உழைத்தார். பாதுகாப்பாரைத் தேடி அலைந்தார். ஆதரவு கிட்டவில்லை. அந்நிலையில் பாண்டித்துரைத் தேவர் முன்வந்தார். ஆயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட ‘அபிதான சிந்தாமணி’ 1910இல் மதுரைத் தமிழ்ச்சங்கத்தின் வாயிலாக வெளிவந்தது. ஒரு கை நீண்டதனால் ஒரு நூல் பிழைத்தது.

ஆனால் வரலாறு நமக்கு வேறொரு பாடத்தையும் கற்பிக்கின்றது. பாஸ்கர சேதுபதி 1903இல் தம் 35ஆம் வயதில் மறைந்தார். பாண்டித்துரைத் தேவர் 1911இல், 44ஆம் வயதில் மறைந்தார். சங்கம் பிறந்து பத்தாண்டு முடிந்த சில மாதங்களுக்குள் அதன் இரு தூண்களும் சாய்ந்தன. சங்கம் அழியவில்லை, பின்னரும் பணி செய்தது. ஆயினும், ஒரு வள்ளலின் மூச்சையே நம்பியிருக்கும் கொடை எத்துணை மெல்லிய நூலில் தொங்குகின்றது என்பதை நாம் உணரலாம். பாவில் ஓர் இழை அறுந்தால் முடிச்சுப் போட்டு நெய்யலாம். பாவே ஓர் இழையாய் இருந்தால் என் செய்வது? அதனால்தான் உலகம் முழுவதும் இக்கொடையைத் தனி மனிதரிடமிருந்து நிறுவனங்களுக்கு மாற்றினார்கள்.

பிரெஞ்சு நாட்டார் 1666ஆம் ஆண்டிலேயே உரோமை நகரில் ஒரு கலைக்கழகம் நிறுவித் தம் நாட்டு இளங்கலைஞரை அங்கே அனுப்பிப் பயிலச் செய்தனர். அமெரிக்காவில் 1907இல் மெக்டவல் என்னும் இசைவாணரின் பெயரால் கலைஞர் குடியிருப்பு ஒன்று தோன்றியது. 1925இல் குகன்ஹைம் நிதி தோன்றி, அறிஞருக்கும் கலைஞருக்கும் ஒருங்கே நல்கை அளிக்கத் தொடங்கியது. நம் நாட்டில் இரவீந்திரநாத தாகூர் 1921இல் விசுவபாரதியை நிறுவியபோது, பிரெஞ்சு அறிஞர் சில்வேன் லெவி விருந்துப் பேராசிரியராக வந்து சாந்திநிகேதனத்தில் தங்கினார். அவர் தம் ஆராய்ச்சியோடு நில்லாமல், அங்குள்ளாருக்குச் சீனமும் திபெத்திய மொழியும் கற்பித்தார். விருந்தினர் வெறுங்கையோடு வரவில்லை. வெறுங்கையோடு போகவும் இல்லை. விடுதலைக்குப் பின் 1965இல் சிம்லாவில், முன்பு வைசிராய்கள் வாழ்ந்த மாளிகையில், இந்திய உயராய்வு நிறுவனம் தொடங்கப்பெற்றது. ஆட்சி செலுத்தியவர் இருந்த அறைகளில் அறிஞர் அமர்ந்து எழுதத் தொடங்கினர்.

மதுரையோடு தொடர்புடைய மூவரைக் கூறி இப்பகுதியை முடிக்கின்றேன்.

முதலாமவர் விபுலானந்த அடிகள். ஈழத்தில் மட்டக்களப்பை அடுத்த காரைதீவில் 1892இல் பிறந்தவர். மதுரைத் தமிழ்ச்சங்கத்தின் பண்டிதத் தேர்வில் 1916இல் வெற்றி பெற்றார். பழந்தமிழர் யாழை மீட்டெடுக்க வேண்டும் என்பது அவர் வாழ்நாள் வேட்கை. கல்லூரிப் பணிகளுக்கும் துறவுக் கடமைகளுக்கும் இடையே அவ்வாராய்ச்சியை நடத்தினார். புதுக்கோட்டையில் சிதம்பரஞ் செட்டியார் என்னும் அன்பர் இடமும் உதவியும் நல்கினார். ‘யாழ்நூல்’ 1947ஆம் ஆண்டு ஜூன் மாதம் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேறியது. அடுத்த மாதமே அடிகள் மறைந்தார். அந்த அமைதியான மாதங்களை அன்பர் ஒருவர் தந்திராவிடில், அந்நூல் முற்றுப்பெற்றிருக்குமோ என்று எண்ணும்போது உடல் நடுங்குகின்றது.

இரண்டாமவர் ஏ. கே. இராமானுஜன். மைசூரில் 1929இல் பிறந்தவர். இளமையில் மதுரைத் தியாகராசர் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தவர்களுள் ஒருவர். இந்தியாவும் அமெரிக்காவும் 1950இல் செய்துகொண்ட புல்பிரைட் உடன்பாட்டின் வழியில் நல்கை பெற்று, 1959இல் இந்தியானா பல்கலைக்கழகம் சென்றார். பின்னர்ச் சிக்காகோவில், ஒரு நூலகத்தின் கீழ்த்தளத்தில், 1962இல் உ. வே. சாமிநாதையர் பதிப்பித்த குறுந்தொகை அவர் கண்ணிற் பட்டது. அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 1967இல் வெளிவந்தது; சங்கப் பாட்டின் சுவையை உலகம் அறிந்தது. மதுரையில் வாழ்ந்த ஒருவர் மதுரைப் புலவரைச் சிக்காகோவில் கண்டெடுத்தார்! தொலைவிற் சென்றாலன்றிச் சில வேளை வீட்டுப் பொருள் கண்ணிற் படுவதில்லை.

மூன்றாமவர் ஐராவதம் மகாதேவன். இந்திய ஆட்சிப் பணியில் இருந்துகொண்டே கல்வெட்டு ஆராய்ச்சி செய்தவர். மாங்குளக் கல்வெட்டுகளில் நெடுஞ்செழியன் பெயரை 1965இல் தெளிவாகப் படித்துக் காட்டியவர் அவரே. தமிழ்பிராமிக் கல்வெட்டுகளின் தொகுப்பை 1966இல் வெளியிட்டார். 1970இல் ஜவாஹர்லால் நேரு நல்கை கிடைத்தது. அலுவலகக் கோப்புகளை ஒதுக்கிவைத்துச் சிந்துவெளி எழுத்துகளில் மூழ்கினார். 1977இல் அவ்வெழுத்துகளின் பெருந்தொகுப்பு வெளிவந்தது. அதற்குப் பின் அவர் செய்ததே எனக்குப் பெரிதாகத் தோன்றுகின்றது. 1966இல் தாம் படித்தவற்றை அப்படியே விட்டுவிடவில்லை. முதுமையில் மீண்டும் குன்றுகளில் ஏறினார். ஒவ்வோர் எழுத்தையும் மறுபடி கல்லின்மேல் வைத்தே சரிபார்த்தார். தம் பிழைகளைத் தாமே திருத்தி, 2003இல் பெருநூலாக வெளியிட்டார். கணி நந்தனுக்கு ஊரார் வெட்டிய கல்படுக்கையின் கதை, மற்றொரு காலத்து அறிஞரின் உழைப்பினால் நமக்குத் தெளிவாயிற்று. 

இவ்வளவும் புகழ்ச்சியாகவே சொல்லிவந்தேன். இனி என் வீட்டில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்லுதல் வேண்டும். சொல்லாவிட்டால் இப்பேச்சு உண்மையாகாது.

1969ஆம் ஆண்டு. எனக்குப் பன்னிரண்டு வயது. தொலைவான பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து இளம் ஆராய்ச்சியாளர் ஒருவர் நல்கை பெற்று எங்கள் தெருவுக்கு வந்தார். நெசவாளர் வாழ்க்கையை ஆராய்வது அவர் நோக்கம். எங்கள் வீட்டுத் திண்ணையை அடுத்த சிற்றறையில் பத்து மாதம் தங்கினார். நல்லவர். சிறு பிள்ளைகளையும் ‘தம்பி’ என்று அன்போடு அழைப்பார். என் தந்தையாரின் அருகில் தறிக்குழி ஓரமாக அமர்ந்து, கேள்வி கேட்டுக் கேட்டு எழுதுவார். பாவு விரிப்பது எப்படி, கஞ்சி காய்ச்சுவது எப்படி, அச்சில் இழை பிணைப்பது எப்படி என்று தந்தையார் விளக்குவார். விளக்கிய நேரத்தில் நாடா ஓடாது. நாடா ஓடாத நேரத்துக்குக் கூலியும் கிடையாது. எங்கள் அன்னையார் அதை அறிவார், ஒன்றும் சொல்லமாட்டார். விருந்தினருக்கு இலை போட்ட பிறகுதான் எங்களுக்கு இலை.

புறப்படும் நாளில், ‘புத்தகம் வந்ததும் முதற்படி உங்களுக்குத்தான் ஐயா’ என்றார். தந்தையார் சிரித்துக் கைகூப்பினார். ஆண்டுகள் சென்றன. புத்தகம் வரவில்லை.

நான் கல்லூரியில் படிக்கும்போது 1976இல், நூலகம் ஒன்றில் அந்தப் புத்தகத்தைக் கண்டேன். கைகள் நடுங்கப் புரட்டினேன். எங்கள் தெரு இருந்தது; எங்கள் தறி இருந்தது; தந்தையார் கூறிய சொற்களே இருந்தன. அவர் பெயர் மட்டும் இல்லை. ‘நெசவாளர் ஒருவர் கூறியது’ என்று இருந்தது. முன்னுரையில் நிதி தந்தவர்களுக்கு நன்றி இருந்தது. பேராசிரியர்களுக்கு நன்றி இருந்தது. இலை போட்ட கைக்கு நன்றி இல்லை.

சினம் பொங்க வீட்டுக்கு வந்து தந்தையாரிடம் சொன்னேன். அவர் தறியை நிறுத்தாமலே கேட்டார். ‘விருந்தாளி போன பிறகு இலைக்குக் கணக்குப் பார்ப்பதாடா? அதை விடு. பாவுக்குக் கஞ்சி போடுவதைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார்?’ என்றார். நண்பகலில் தெருவில் பாவை விரித்துக் கஞ்சி தோய்ப்பார்கள் என்று நூலில் இருந்தது. படித்தேன். அப்போதுதான் தந்தையார் தறியை நிறுத்தினார். முகம் வாடியது.

‘விடியற்காலையில் என்றல்லவா சொன்னேன்! உச்சிவெயிலில் கஞ்சி போட்டால் இழை சடுதியில் காய்ந்து முறிந்து போகுமே! இதைப் படித்து ஒருவன் செய்தால் பாவு முழுவதும் பாழாகுமே. அச்சிடுவதற்கு முன் ஒரு கடிதம் எழுதிக் கேட்டிருக்கக் கூடாதா?’ என்றார்.

தம் பெயர் விடுபட்டதற்கு அவர் வருந்தவில்லை. தொழிலின் உண்மை விடுபட்டதற்கு வருந்தினார். நான் அன்று பெயரை எண்ணிச் சினந்தேன். அவர் பிழையை எண்ணி வருந்தினார். இருவருள் அறிஞர் யார் என்பதை நேயர்களின் தீர்ப்புக்கே விடுகின்றேன்.

ஆண்டுகள் கழிந்த பிறகு எனக்கு ஒன்று விளங்கியது. பெயர் விடுபட்டதும் பிழை புகுந்ததும் இரு வேறு குற்றங்கள் அல்ல. ஒரே குற்றத்தின் இரு முகங்கள். சொன்னவரை ‘ஒருவர்’ என்று ஆக்கிவிட்டால், ஐயம் வரும்போது திரும்பிச் சென்று கேட்பதற்கு ஆள் இல்லாமற் போகின்றது. பெயரோடு நினைத்திருந்தால் கடிதம் எழுதத் தோன்றியிருக்கும். கடிதம் எழுதியிருந்தால் நண்பகல் விடியலாகியிருக்கும். முகம் காணாது வந்த பரிசிலைப் பெருஞ்சித்திரனார் ஏன் மறுத்தார் என்பது, அந்த நாளில்தான் எனக்கு முழுவதும் பொருளாயிற்று. முகம் காணாது கொடுப்பது எவ்வாறு குறையோ, அவ்வாறே பெயர் சொல்லாது பெறுவதும் குறை.

இதனால் ஆய்வு நல்கைகளே வேண்டா என்று நான் கூறுவதாக எண்ணாதீர்கள். அந்த நூலில் பிழை ஒன்று உண்டு. மெய்கள் பல உண்டு. இன்று செல்லூரில் அக்காலம்போல் தறியோசை கேட்பதில்லை. என் தந்தையாரும் இல்லை. அவர் சொற்களில் பல அச்சில் எஞ்சியிருப்பது அந்த நூலில்தான். அவ்விளைஞருக்கு எவரும் நல்கை அளிக்காதிருந்தால், அச்சொற்கள் தறிக்குழியிலேயே மண்மூடிப் போயிருக்கும். நன்றியும் குறையும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. வரலாறு படிப்பவர்கள் இரண்டையும் சேர்த்தே படிக்கப் பழகுதல் வேண்டும்.

நான் கூறுவது இதுதான். விருந்தறிஞர்க்கு நிதி அளிக்கும் நிறுவனங்கள், போகும் செலவைக் கணக்கிடுவது போலவே திரும்பி வரும் செலவையும் கணக்கிடுதல் வேண்டும். எழுதியதை எடுத்துக்கொண்டு அதே தெருவுக்கு மீண்டும் வந்து, ‘நான் எழுதியது சரிதானா?’ என்று கேட்கும் ஒரு மாதத்தையும் நல்கையின் பகுதியாகவே வைத்தல் வேண்டும். மகாதேவன் தம் எழுத்துகளைத் திரும்பவும் கல்லின்மேல் வைத்துப் பார்த்தார். கல்லுக்கு அந்த மதிப்புண்டு என்றால், உயிருள்ள மனிதர்க்கு இல்லையா?

இரண்டாவதாக, நல்கை பெறத் தக்கவர் பட்டம் பெற்றவர் மட்டுமல்லர் என்பதையும் நினைத்தல் வேண்டும். பட்டறிவு உடையவருக்கும் எழுதுவதற்கு ஓய்வு வேண்டும். 1966இல் கே. சி. எஸ். பணிக்கரும் அவர் மாணவர்களும் சென்னைக்குத் தெற்கே சோழமண்டலம் என்னும் கலைஞர் சிற்றூரை அமைத்தனர். வள்ளலை எதிர்பார்த்து அவர்கள் காத்திருக்கவில்லை. துணியில் பத்திக் ஓவியம் முதலிய கைவினைப் பொருள்கள் செய்து விற்று, அவ்வருவாயைக் கொண்டு தாமே தமக்குப் புரவலராயினர். கைத்தொழிலும் கலையும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்பதை அவர்கள் காட்டினர். என் தந்தையாருக்கு ஓராண்டுக் கூலியை ஒருவர் தந்து, ‘தறியைப் பற்றி நீரே சொல்லும், எழுதிக்கொள்ள ஆள் தருகின்றோம்’ என்று கூறியிருந்தால், அந்த நூல் எத்தகையதாய் இருந்திருக்கும்! அறுவை வாணிகன் இளவேட்டனாரைத் தொகையில் சேர்த்த ஊருக்கு இவ்வெண்ணம் புதிதாகத் தோன்றுதல் ஆகாது.

கீழடியில் 2015 முதல் நிகழ்ந்துவரும் அகழாய்வுகளில் பானையோடுகளில் மனிதர் பெயர்கள் தமிழ்பிராமியில் கீறப்பட்டிருப்பதைக் கண்டார்கள். நூல் நூற்கும் தக்களிகளும் அங்கே கிடைத்தன. வைகைச் சமவெளியில் எழுத்தும் இழையும் ஒரே மண்ணடுக்கில் உறங்கியிருந்தன. தறிக்கும் தமிழுக்கும் இடையே ஓடுவது ஓர் ஆறு மட்டுமா என்று சிறுவனாய் நின்று கேட்டேன் அல்லவா? ஆறு இரு கரைகளையும் பிரிக்கவில்லை. ஒரே நீரை இரு கரைகளுக்கும் தந்தது. பிரித்தவர் பிற்காலத்தார்.

மாணவ மாணவியரே! உங்களில் சிலர் நாளை இத்தகைய நல்கைகளைப் பெறுவீர்கள். சிம்லாவுக்கோ சிக்காகோவுக்கோ, நீங்கள் இதுவரை கேள்விப்படாத ஒரு சிற்றூருக்கோ செல்வீர்கள். தயங்காமல் செல்லுங்கள். பிறர் தரும் ஓய்வை ஏற்பதில் இழிவில்லை. கணி நந்தனும் ஏற்றான், விபுலானந்தரும் ஏற்றார். சென்ற இடத்தில் உங்களுக்குச் சோறிட்டவரின் பெயரை முதற்பக்கத்திலேயே எழுதி வையுங்கள். அச்சிடுவதற்கு முன் ஒருமுறை திரும்பிப் போங்கள். போக இயலாவிட்டால் ஒரு கடிதமேனும் எழுதுங்கள்.

என்னிடம் இன்று அந்தப் புத்தகத்தின் படி ஒன்று இருக்கின்றது. பழைய புத்தகக் கடையில் வாங்கினேன். கஞ்சி தோய்க்கும் பக்கத்தில் ‘நண்பகல்’ என்ற சொல்லை அடித்து, அதன் மேலே ‘விடியற்காலை’ என்று என் கையால் திருத்தியிருக்கின்றேன். ஓரத்தில் என் தந்தையாரின் பெயரையும் எழுதியிருக்கின்றேன்.